காதுக்குப் பின்னால் ஒரு மேடு

"அங்க மட்டும் வேணாம் சித்தி!" என்று அலறி, வலது காதை உள்ளங்கையால் பொத்திக்கொள்கிறாள் அவள். கழுத்தைச் சுற்றிய துணியிலிருந்து வெட்டிய முடி சரிந்து தரையில் விழுகிறது. பேன் தொல்லை தாங்காமல் அம்மா அனுப்பிவைத்த பார்லர் இது. கத்தரிக்கோல் சித்தியுடையது. மூன்று வாரமாக முடிக்குள் மறைத்துவைத்ததை இனி மறைக்க முடியாது. "காதுக்குப் பின்னாடி கட்டி சித்தி. மூணு வாரமா கல்லு மாதிரி இருக்கு. செத்துருவேனா?"

தண்ணீர் தெளித்த ஈரம் காயாத விரல்கள் அவள் காதின் பின்னால் மெல்ல அழுத்துகின்றன. கண்ணாடியில் சித்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறகு அந்த முகத்தில் சிரிப்பு பொங்குகிறது.

"அடி லூசு, இது மண்டை எலும்புடி! கழுத்துத் தசை வந்து பிடிக்கிற இடம். இருபது வருஷமா எல்லார் தலையிலயும் என் சீப்பு இதுல முட்டாத நாளே இல்ல." சித்தி அவள் இடது கையைப் பிடித்து இடது காதுக்குப் பின்னால் வைக்கிறாள். அங்கும் அதே மேடு, அதே கல். அடுத்த நாற்காலியில் தலையில் சாயத்தோடு இருக்கும் ஒரு அக்கா, "எனக்கும் இருக்கே!" என்று தடவிப் பார்க்கிறாள், விரலெல்லாம் கறுப்பு. சிரிப்பும் அழுகையுமாகச் சிறுமிக்கு மூக்கு ஒழுகுகிறது. மின்விசிறிக் காற்று பிடரியில் சில்லென்று படுகிறது.

கத்தரிக்கோல் மறுபடி சத்தமிடத் தொடங்கி, சட்டென்று நிற்கிறது.

"மூணு வாரமா இந்தப் பக்கத்தையே தடவியிருக்கியே, அந்தப் பக்கம் ஒரு தடவை தொட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்குமே. ஏன்டி தொடல?"