மாப்பிள்ளை விசாரிப்பு

“சார், இது பிராந்திக் கடை. மாப்பிள்ளை விசாரிக்கிற இடமில்ல” என்றான் காளை.

கப்பலூர் தொழிற்பேட்டையை ஒட்டியிருந்த அந்த டாஸ்மாக் கடையில் அவன் விற்பனையாளர். திறக்க இன்னும் நேரமிருந்தது. பீர் பெட்டிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தான். கம்பி வலைக்கு வெளியே ஹரிநாராயணன் நின்றார். சிம்மக்கல்லில் சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம் செய்பவர். ரோட்டில் போகிறவர்கள் கண்ணில் படாதபடி தூணோரமாக ஒதுங்கியிருந்தார்.

“வேற எங்கப்பா விசாரிக்கிறது? சொந்தக்காரங்களைக் கேட்டா தங்கமான பையன்னு சொல்லுவாங்க. கம்பெனியில கேட்டாலும் அதைத்தான் சொல்லுவாங்க. ஒருத்தன் குடிக்கிறானா இல்லையான்னு உன்கிட்டதான் கேக்கணும்.”

கம்பி வழியாகச் செல்போனை நீட்டினார். திரையில் கண்ணாடி போட்ட ஓர் இளைஞன்.

“பேரு சாய்பிரசாத். இந்த ரோட்டுக் கடைசியில இருக்கிற ரப்பர் கம்பெனியில இன்ஜினியர். என் பொண்ணு ஸ்ரீவர்ஷினிக்குப் பார்த்திருக்கோம்.”

காளை கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினான்.

“சட்டுன்னு சொல்லிராத. நல்லாப் பாரு. ஒரு பொண்ணோட வாழ்க்கை இது.”

“பாக்குறேன் சார்.”

“என் தங்கச்சி சூடாமணிக்கு இப்படி யாரும் விசாரிக்கலை. மாப்பிள்ளை நல்ல மனுஷன்தான், சொந்தமாத் தறி வச்சிருந்தார். குடிப்பார்ங்கிறது கல்யாணத்துக்கு அப்புறந்தான் தெரிஞ்சது. மஞ்சக்காமாலைன்னு கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தோம். அப்புறம் வயிறு வீங்கிருச்சு. ஈரல் கெட்டுப்போச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். கடைசியில ரத்தமா வாந்தி எடுத்தார். அதை அவ முந்தானையில ஏந்தினா.”

காளை பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டான்.

“அதுல இருந்து சூடாமணி எங்க வீட்லதான் இருக்கா. அத்தையைப் பார்த்துப் பார்த்துத்தான் என் பொண்ணு வளர்ந்தா. அழகு வேணாம், சொந்த வீடு வேணாம், குடிக்கிறவன் மட்டும் வேணாம்ப்பான்னா. அவ கேட்டது அது ஒண்ணுதான்.”

“நியாயந்தான் சார்.”

“இந்தக் கடையை எல்லாம் இழுத்து மூடணும்ப்பா. அப்பத்தான் நாடு உருப்படும்.”

“மூடட்டும் சார். வேற டிபார்ட்மென்ட்ல போடுறோம்னு சொன்னா நானே பூட்டிச் சாவியக் குடுத்திருவேன். கடை திறக்குறதுக்கு முன்னாடியே கை நடுங்கிக்கிட்டு வந்து நிக்கிறாங்க. அதப் பார்த்துட்டு வீட்டுக்குப் போனா சோறு இறங்க மாட்டேங்குது. ஆனா, மூடுனா கள்ளச்சாராயத்தக் குடிச்சிச் சாவாங்கன்னும் சொல்றாங்க.”

“அதெல்லாம் விக்கிறவங்க சொல்றது.”

“நாந்தான சார் விக்கிறேன்.”

ஹரிநாராயணன் சிரிக்கவில்லை. “பையனைப் பத்திச் சொல்லு” என்றார்.

காளை போனைத் திருப்பிக் கொடுத்தான். “இந்தத் தம்பிய நல்லாத் தெரியும் சார். ஷிப்ட் முடிஞ்சா கூட வேலை பாக்குறவங்க இங்க வருவாங்க. இவரு உள்ள வர மாட்டாரு. வெளியில பைக்ல உக்காந்திருப்பாரு. ரொம்பக் குடிச்சவங்களைப் பின்னாடி உக்கார வச்சு வீட்ல கொண்டுபோய் விடுவாரு. ஒருதடவ யாரோ கிளாஸ நீட்டுனதுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு.”

“சத்தியமா?”

“எங்க குலசாமி மேல சத்தியம்.”

ஹரிநாராயணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூணுக்கு அந்தப் பக்கம் திரும்பி வீட்டுக்குப் போன் போட்டார். சௌராஷ்டிர மொழியில் மெதுவாகப் பேசினார். காளைக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் மறுமுனையில் ஒரு பெண் அழுதது கேட்டது. அப்புறம் இன்னொரு பெண்குரல், சின்னக் குரல், ஏதோ கேட்டுச் சிரித்தது. அந்தக் குரலுக்கு மட்டும் ஹரிநாராயணன் உரக்கப் பதில் சொன்னார். யார் காதில் விழுகிறது என்று அப்போது அவர் பார்க்கவில்லை.

போனைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

“நல்ல வார்த்தை சொன்னே தம்பி. என் தங்கச்சி இப்பத்தான் நிம்மதியா மூச்சு விட்டா. நல்ல நாள் பார்த்து நிச்சயம் பண்ணிரலாம்னு சாயந்தரமே அவங்க வீட்டுக்குப் போய்ச் சொல்லப் போறேன். கல்யாணத்துக்கு நீயும் வரணும்.”

“வாரேன் சார்.” காளை ஒரு பாட்டிலை எடுத்து, அடுக்காமல் கையிலேயே வைத்திருந்தான். “அவங்க வீட்ல இருந்து உங்களுக்குப் போன் எதுவும் வந்துச்சா?”

“இல்லையே. ஏன்?”

“அந்தத் தம்பியோட அம்மா முந்தாநாள் இங்க வந்திருந்தாங்க. பாவம், அவங்க வீட்டுக்காரரும் குடிச்சுத்தான் செத்தாராம். குடிக்கிற வீட்ல சம்பந்தம் வேணாம்னு பிடிவாதமா இருக்காங்க. இந்த வாசல்ல உங்க வண்டி நின்னதத் தம்பி பார்த்துட்டுப் போய்ச் சொல்லியிருக்காரு போல. சிம்மக்கல் ஹரிநாராயணன் இங்க வருவாரான்னு கேட்டாங்க.”

ஹரிநாராயணன் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ என்ன சொன்னே?”

“உங்களைப் பத்தித் தப்பாச் சொல்லுவனா சார்? சனிக்கிழமை மட்டுந்தான் வருவாரு, அளவாத்தான் குடிப்பாரு, டவுன்ல குடிச்சா வீட்ல தெரிஞ்சிரும்னு இங்க வந்து குடிக்கிற மரியாதையான மனுஷன்னுதான் சொன்னேன்.”