தமிழ் வேண்டாங்க

"அந்தத் தமிழை எதுக்கு அம்மணி நிறுத்திப்போட்டே?"

லட்சுமணசாமியின் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். அந்தத் தமிழைக் கொண்டுவந்தவரே அவர்தானே. பீளமேட்டில் முப்பது வருஷமாகப் பம்ப் மோட்டாருக்கு ஷாஃப்ட் செய்து கொடுக்கிறவர், போன வாரம் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தபோது பிரவுசரில் ஒரு வசதியைக் கண்டுபிடித்துவிட்டார். எந்த நாட்டு வீடியோவாக இருந்தாலும் அதுவே தமிழில் பேசும். அன்றிலிருந்து ஜப்பான்காரர் மீன் வறுப்பதையும் பிரேசில்காரர் மாடு மேய்ப்பதையும் தமிழில் கேட்டுவிட்டுத்தான் தூங்கப் போகிறார்.

"தமிழ் வேண்டாங்க முதலாளி. இப்படியே இருக்கட்டுங்க" என்றாள் சண்முகப்ரியா.

அவள் பட்டறையின் மெக்கானிக். டிப்ளமோ முடித்துவிட்டு நாலு வருஷம் அசெம்பிளி மேசையில் போல்ட் முடுக்கியவள். பழைய மெக்கானிக் வேலையை விட்டு நின்றதால் இரண்டு மாதம் முன்பு அந்த இடம் அவளுக்குக் கிடைத்தது. அதற்குள் இப்படி ஒரு சோதனை. ஜெர்மனியிலிருந்து வாங்கிய கிரைண்டிங் மெஷினில் நேற்றிலிருந்து வருகிற ஷாஃப்டில் எல்லாம் அலை அலையாகக் கோடு. சாணைக்கல்லைச் சுழற்றுகிற ஸ்பிண்டில் போய்விட்டது என்று பார்த்தவர்கள் அத்தனை பேரும் சொன்னார்கள். புது ஸ்பிண்டில் அங்கிருந்து வர ஆறு வாரமாகும்.

மெஷின் கம்பெனியின் இணையதளத்தில் ஒரு சர்வீஸ் வீடியோ இருந்தது. முழுக்க ஜெர்மன். தன் கண்டுபிடிப்புக்கு வேலை வந்துவிட்டதென்று லட்சுமணசாமி அதைத் தமிழில் போட்டுக் கொடுத்தார். கூடவே கெடுவும் வைத்தார். சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் நாளைக்குச் சென்னையிலிருந்து வேறு மெக்கானிக் வருவார், அவள் மறுபடியும் அசெம்பிளிக்குப் போக வேண்டியதுதான். "கோவிச்சுக்காதே கண்ணு" என்று ஆரம்பித்து அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொன்னாலும் போகிற வேலை போகிறதுதான்.

அப்படி இருக்கையில் இந்தப் பெண் தமிழை நிறுத்தினால் அவருக்கு எப்படி இருக்கும்?

அவள் மெஷினைப் பார்க்க எழுந்துபோன நேரத்தில், 'இந்தத் தளத்தை எப்போதும் மொழிபெயர்' என்பதை அவர் டிக் செய்துவைத்தார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் வீடியோவில் இருந்த அம்மாள் மறுபடியும் ஜெர்மனில் பொரிந்துகொண்டிருந்தார். தளத்தையே மொழிபெயர்க்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்திருந்தாள் சண்முகப்ரியா. அவர் எடுத்துவிட்டார். அவள் மறுபடியும் சேர்த்தாள். மூன்றாவது முறை முதலாளிக்கே அலுத்துவிட்டது.

கதவோரம் நின்று கவனித்தார். ஒரே இடத்தை நாலு தடவை ஓடவிட்டுக் கேட்டாள். நடுநடுவே தலையாட்டினாள். போய்த் தன் மெஷினை ஒரு நிமிஷம் ஓட்டினாள். திரும்பி வந்து அதே இடத்தைக் கேட்டாள். பதற்றம் என்பது மருந்துக்கும் இல்லை.

வீட்டுக்குப் போன் போட்டு மனைவி கோமளாவிடம் புலம்பினார். கோமளா நிதானமாகச் சொன்னாள். எதிர்வீட்டு வர்ஷினி, நர்ஸ் படிப்பை முடித்த கையோடு காந்திபுரத்தில் ஜெர்மன் வகுப்புக்குப் போகிறாளாம். எட்டு மாதம் படித்தால் விமானம் ஏறிவிடலாமாம். "புரியாமலா ஒரு புள்ள நாலு தடவை கேக்கும்? உங்ககிட்டச் சொல்லாமப் படிச்சிருக்குதுங்க."

லட்சுமணசாமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்தப் பெண்ணும் ஜெர்மனிக்குக் கிளம்பப்போகிறாள்.

மூன்றரை மணிக்குச் சண்முகப்ரியா மெஷினைப் பிரித்தாள். எல்லாரும் சொன்ன ஸ்பிண்டிலை அவள் தொடவே இல்லை. பின்பக்க மூடியைக் கழற்றி, பெல்ட்டை அழுத்திப் பிடிக்கிற சின்னக் கப்பியை வெளியே எடுத்தாள். அதன் பேரிங் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. ஊருக்குள்ளேயே கிடைக்கிற பேரிங்தான். வாங்கிவரச் சொல்லி மாட்டினாள். ஐந்து மணிக்கு முதல் ஷாஃப்ட் வெளியே வந்தது. லட்சுமணசாமி விரலை வைத்துத் தடவினார். ஒரு கோடு இல்லை.

அவள் முன்னாலேயே சென்னைக்காரருக்குப் போன் செய்து வர வேண்டாமென்று சொன்னார். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இப்படி ஒரு ஆள் கிடைத்த அன்றைக்கே கைவிட்டுப் போகப்போகிறாள் என்பதை நினைத்தால், வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக இருந்தது. மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

"மெக்கானிக் வேலை இனி உன்னுதுதான் அம்மணி. ஆனா எங்கிட்ட ஒளிக்காமச் சொல்லிப்போடு. ஜெர்மனிக்கு எப்பக் கிளம்பறே?"

சண்முகப்ரியா கையிலிருந்த கிரீஸைத் துடைப்பதை நிறுத்தினாள்.

"நான் எதுக்குங்க அங்க போறேன்?"

"பின்னே? தமிழே வேண்டாம்னு போட்டு, அந்தம்மா பேசறதை அப்படியே கேட்டுத்தானே சரி பண்ணினே?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எனக்கு ஜெர்மன்ல ஒரு வார்த்தைகூடத் தெரியாதுங்க முதலாளி. நல்லா ஓடற மெஷின் எப்படிச் சத்தம் போடும்னு கேக்கத்தான் அந்த வீடியோவைப் போட்டேனுங்க. உங்க தமிழ் வந்தா, பின்னால ஓடற மெஷின் சத்தத்தை அமுக்கிப்போடுதுங்க."