திட்டி எழுதிய மெயில்

சிம்மக்கல்லில் பெண் பார்க்கப் போன இடத்தில், இருவரையும் தனியாகப் பேச விட்டதும் அருள்பாண்டி உள்ளதைச் சொல்லிவிட்டான்.

"எனக்கு முன்கோபம் சாஸ்திங்க. புரோகிராம் எழுதுற சாஃப்ட்வேர் ஒண்ணு இன்டர்நெட்ல ஃப்ரீயாக் கெடைக்குது. அது மக்கர் பண்ணுச்சுன்னா, உடனே பிரவுசிங் சென்டருக்குப் போயி, அதைச் செஞ்ச ஆளைக் கண்டபடி திட்டி மெயில் போட்டுருவேன்."

"அவரு என்ன செய்வாரு?" என்று கேட்டாள் தமிழ்ச்செல்வி.

"கோவமே படமாட்டாரு. தப்பைச் சரிபண்ணிட்டு, பொறுமையாப் பதில் போடுவாரு. டி.எஸ்.னு மட்டும் பேர் இருக்கும். யாரோ வெள்ளைக்காரப் பெரியவரு போல."

"போன வாரம், 'உனக்கு மூளையே கெடையாதா?'ன்னு கேட்டீங்களே?"

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அது... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த டி.எஸ். நான்தான். அம்புட்டுத் திட்டு வாங்கியும் பதில் போட்டேன். ஒரு தடவையாவது நன்றின்னு எழுதுனீங்களா?"

அருள்பாண்டி எழுந்து நின்றான். கூடத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, "ரொம்ப நன்றிங்க! என்னைய மன்னிச்சிருங்க!" என்றான்.

தமிழ்ச்செல்வி ஜெயித்துவிட்ட சிரிப்போடு கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அப்பா, பெரிய தப்பு ஒண்ணு சரியாயிருச்சு. எனக்குச் சம்மதம்!"