மணிக்கட்டில் ஒரு சொட்டு

ஊசியில் ஏற்றும் அந்த மருந்துத் துகள்கள் தோலில் பட்டாலும் உள்ளே இறங்கிவிடும். நல்ல உடம்பில் இருட்டாகக் கிடக்கும்; நோயைத் தொட்டால் மட்டும் தோலுக்கு மேலேயே பச்சையாக ஒளிரும். புட்டிப்பால் கொடுத்துப் பழகிய கையல்லவா, ரெஜினா சிஸ்டர் ஊசி போடுமுன் தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஊசியைப் போட்டு விளக்கை அணைத்தாள்.

ஞானமுத்து தன் வயிற்றையே வெறித்துக்கொண்டு படுத்திருந்தார். இரண்டு அண்ணன்களையும் ஈரல்தான் கொண்டுபோயிருந்தது. கால்மணி நேரம் ஆகியும் வயிறு கும்மிருட்டு.

“ஒண்ணுமில்லங்கய்யா! கெட்டி உசுரு உங்களுக்கு. வீட்டுக்கு ஓடுங்க,” என்று சிரித்தபடி ரெஜினா விளக்கைப் போடக் கையைத் தூக்கினாள்.

அவளுடைய வெள்ளைச் சட்டைக்குள், அக்குளுக்குக் கீழே, பச்சையாக ஏதோ மினுங்கியது.

ஞானமுத்து கட்டிலைவிட்டு இறங்கித் தலையணையைத் தட்டிப் போட்டார்.

“விளக்கைப் போட்டுராதம்மா,” என்றார். “ரெண்டு நிமிஷம் இப்படி வந்து படு.”