பழைய இன்ஜின்

ஞாயிற்றுக்கிழமைகளில் பகடை உருட்டி நண்பர்கள் நாங்கள் ஆடும் கதை விளையாட்டில், விண்கலத்தை மந்திரம் சொல்லித்தான் கிளப்ப வேண்டும். அன்று மந்திரவாதி வேடம் எனக்கு விழுந்தது; எனக்கோ திக்குவாய். அரக்கர் படை நெருங்குகிறது, நான் "ம... ம..." என்று சிக்கி நிற்கிறேன். பொறுக்காத பிரகதீஷ் முழு மந்திரத்தையும் ஒரே மூச்சில் ஒப்பித்தான். கதையை நடத்தும் ஷெரின் உதட்டைப் பிதுக்கினாள்.

"கிளம்பலையே. பழைய இன்ஜின்டா. முதல் எழுத்தையே திரும்பத் திரும்பச் சொன்னாத்தான் சூடேறும்."

அப்படியொரு விதி அதுவரை இல்லை. சொல்லிவிட்டு அவள் என் பக்கம் திரும்பவும் இல்லை. அதற்கும் சேர்த்து அவளுக்கு நன்றி.

"சொல்லு, சொல்லு, வந்துட்டானுங்க!" பிரகதீஷ் என் கையைப் பிடித்து உலுக்கினான்.

"ம..." என்றேன், நிதானமாக. "ம..."

மேசைக்கடியில் ஏதோ உறுமத் தொடங்கியது.