டீசலா, பெட்ரோலா?

"டீசல்தான். இதுல பேச்சுக்கே இடமில்ல!" என்றார் தொப்பிக்காரர்.

"பெட்ரோல்தான். நான் முடிவு பண்ணிட்டேன்!" என்று குடையின் நுனியால் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள் அந்த அம்மாள்.

படகு எஞ்சின் கடையில் குடோனிலிருந்து விற்பனைக்குப் புதிதாக வந்திருந்த விற்பனையாளனுக்கு வாயெல்லாம் பல். சண்டை போடுகிறார்கள் என்றால் வாங்கப் போகிறார்கள் என்று அர்த்தம். சும்மா வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் சிரித்துப் பேசிவிட்டுப் போய்விடுவார்கள்.

அவன் இன்றைக்கு ஒரு எஞ்சினாவது விற்றாக வேண்டும். காலையில்தான் முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார். "விற்பனைக்கு வந்து ஒரு மாசம் ஆச்சு. ஒண்ணுகூட விக்கல. இன்னிக்கும் விக்கலன்னா பழையபடி குடோனுக்கே போய்ப் பெட்டி தூக்கு!"

"படகு எப்படி சார், பெரிசா?" என்று ஆரம்பித்தான்.

"சின்னதுதான் தம்பி. ரெண்டு பேர் படுக்கலாம், ஒரு அடுப்பு வைக்கலாம். கரையோரமா நாலஞ்சு நாள் சுத்திட்டு வரலாம். பழைய எஞ்சின் மண்டையைப் போட்டுடுச்சு. பின்னாடி வெளியில மாட்டுற மாதிரி ஒண்ணு வேணும்."

"அப்படின்னா டீசல் நல்லதுதான் சார். எண்ணெய் கம்மியா குடிக்கும், நாள்பட உழைக்கும். பெட்ரோல் மாதிரி சட்டுனு தீப்பிடிக்காது."

"கேட்டியா?" என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார் அவர்.

"என்னத்தைக் கேக்கிறது? அது என்ன கனம் கனக்கும்னு நீங்க கேளுங்க. ஒவ்வொரு தடவையும் கழட்டிக் கரைக்குத் தூக்கிட்டு வரணும். ஒரு வாளித் தண்ணி தூக்கினாலே இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துடுற ஆளு இவரு! பெட்ரோல்னா சின்ன எஞ்சின், லேசா இருக்கும்."

"என் இடுப்பு என் பாடு. பெட்ரோல் வாடை பட்டாலே தலைவலின்னு நீ துணியைக் கட்டிக்கிட்டுப் படுத்துடுவியே, அதுக்கு என்ன பண்றதாம்?"

"மாத்திரை போட்டுக்கிறேன்."

"மாத்திரை போட்டா உனக்கு வயிறு எரியும்."

"எரிஞ்சா எரியட்டும்! டீசல் போடுற சத்தத்துக்குப் படகே நடுங்கும், தெரியுமில்ல?"

"அதுவும் நல்லதுதான். நீ பேசுறது காதுல விழாது."

"ஆமா, இல்லேன்னா மட்டும் விழுந்து கிழிச்சுது! இத்தனை வருஷம் உங்களோட குப்பை கொட்டினவ நான். எனக்குத் தெரியாதா?"

விற்பனையாளன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். அவளுடைய தலைவலிக்காக இவர் டீசல் கேட்கிறார். இவருடைய இடுப்புக்காக அவள் பெட்ரோல் கேட்கிறாள். இதைச் சொல்லிவிட்டுப் போகாமல் கடையையே இரண்டாக்குகிறார்களே! நல்ல ஜோடிதான் என்று நினைத்துக்கொண்டான்.

உள்ளே ஓடிப்போய் ஒரு கப்பியும் கயிறும் எடுத்து வந்தான்.

"சார், மேடம், ரெண்டு பேருமே ஜெயிச்சீங்க! டீசலே எடுங்க, பெட்ரோல் வாடை இருக்காது. தூக்குறதுக்கு இந்தக் கப்பியைப் படகோட பின்பக்கம் மாட்டித் தர்றேன். கயித்தை இழுத்தா போதும், எஞ்சின் மேல வந்துடும், அப்படியே கரையில இறக்கிக்கலாம். இடுப்புக்கு வேலையே இல்ல. நடுக்கத்துக்கு அடியில ரப்பர் வெச்சுடலாம். எல்லாமே இனாம்!"

தொப்பிக்காரர் கப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த அம்மாள் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். பாவிக் கயிறு, சுலபமாகத்தான் வந்தது. அவள் முகம் வாடிப்போயிற்று.

"பில் போட்டுடலாமா சார்?"

"இரு தம்பி, என்ன அவசரம்?" அவர் எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இந்த நிறம்... என்னமோ மாதிரி இருக்கே?"

"அதானே! நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்," என்று முதல் தடவையாக ஒத்துப்போனாள் அவள். "கறுப்பு கண்ணை உறுத்துது."

"வெள்ளையும் இருக்கு மேடம்!"

"வெள்ளை அழுக்காயிடும்," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அடுத்த மாதம் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். வெளியே தூறிக்கொண்டிருந்தது. அவள் குடையை விரித்து அவருக்கும் சேர்த்துப் பிடிக்க, டீசலா பெட்ரோலா என்று விட்ட இடத்திலிருந்து பேசிக்கொண்டே எதிர்ப்பக்கத்து டீக்கடைக்கு நடந்தார்கள்.

விற்பனையாளன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். கண்ணாடி அறையிலிருந்து முதலாளி அரக்கப் பரக்க ஓடி வந்தார்.

"அவங்களுக்கு வித்துட்டியா?"

"இல்ல சார். எல்லாத்தையும் சரிபண்ணிக் குடுத்தேன் சார். கடைசியில நிறம் பிடிக்கலையாம். நான்... குடோனுக்குப் போறேன் சார்."

"அப்பாடா! வயித்துல பாலை வார்த்தே!" முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "வித்திருந்தாதான் உன்னைக் குடோனுக்கு அனுப்பியிருப்பேன்."

"சார்?"

"அவங்களுக்கு விவாகரத்து ஆகி நாலு வருஷமாச்சுடா. படகுக்குப் புது எஞ்சின் மாட்டி, வித்து, ஆளுக்குப் பாதி எடுத்துக்கிட்டு அவங்கவங்க வழியைப் பார்த்துக்கணும்னு அப்பவே பேசி முடிச்சாச்சு. மாசாமாசம் சேர்ந்து வந்து எஞ்சின் பார்க்கிறாங்க, வாங்கினபாடில்ல. விக்கப்போற படகுல யாருக்குத் தலை வலிச்சா என்ன, யாருக்கு இடுப்பு பிடிச்சா என்ன, நீயே சொல்லு? போ, முதல்ல அந்தக் கப்பியை அவங்க கண்ணுல படாத இடத்துல ஒளிச்சு வை!"