ஜோடியில் ஒருத்தி

ரவிக்கைக் கையை மேலேற்றிவிட்டு, கேட்பதற்கு முன்பே கையை நீட்டிவிட்டாள்.

“ஆவுடையப்பன் சாரை எங்கம்மா காணும்?” என்றாள் ஜெயசீலி. ரத்தம் எடுக்கிறவள்.

“வந்துட்டு இருக்காவ.”

வாயில் அப்படித்தான் வந்துவிட்டது.

ஜெயசீலி ரப்பர் பட்டையை இறுக்கினாள். முழங்கை மடிப்பில் இரண்டு விரல்களால் நரம்பைத் தேடினாள்.

கையுறைக்குள்ளும் சூடாக இருந்த விரல்கள்.

பால்காரர்கூடப் பாக்கெட்டைக் கையில் தராமல் கதவுப்பிடியில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

நரம்பு உடனே கிடைத்தது.

கொஞ்சம் தாமதமாகக் கிடைத்திருக்கலாம்.

சர்க்கரை உள்ளவர் ரத்தத்தில் அழற்சி எவ்வளவு, இல்லாதவர் ரத்தத்தில் எவ்வளவு என்று வருடாவருடம் பார்க்கும் ஆய்வு. ஒரே வீட்டில், ஒரே சமையலைச் சாப்பிடும் கணவன் மனைவிகளைத்தான் சேர்த்திருந்தார்கள். ஒருவருக்குச் சர்க்கரை இருக்க வேண்டும். மற்றவருக்கு இருக்கக் கூடாது.

போன வருடம் இருவரும் வந்தார்கள். அவருக்கு இருந்தது. இவளுக்கு இல்லை.

“எனக்குச் சேர வேண்டியதையும் நீங்களே எடுத்துக்கிட்டிய” என்று சொல்லிச் சிரித்தாள். அவர் கேன்டீனில் அவளுக்கு மட்டும் கேசரி வாங்கித் தந்தார். அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார் வந்ததும் உள்ள அனுப்புங்கம்மா. ரெண்டு பேர் ரத்தமும் இருந்தாத்தான் ஆய்வுல சேப்பாங்க.”

தலையாட்டிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தாள்.

ஜோடி ஜோடியாக உள்ளே போனார்கள். கையை மடக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். பசிக்கிறது என்று ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டு போனார்கள்.

நாற்காலிகள் காலியாயின.

ஜெயசீலி வெளியே வந்து பார்த்தாள்.

“ஒரு ஃபோன் போட்டுப் பாருங்கம்மா.”

போட்டாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவள் மடியிலிருந்த பைக்குள் மணி அடித்தது.

அவருடைய ஃபோன். தினமும் சார்ஜ் போட்டு வைக்கிறாள். எங்கே கிளம்பினாலும் எடுத்துக்கொள்கிறாள்.

அது அடித்து ஓய்ந்தது.

“பங்குனியில போயிட்டாவ.”

ஜெயசீலி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அப்போ என் ரத்தத்தக் கொட்டிருவியாம்மா?”

ஜெயசீலி கோட்டுப் பையிலிருந்து பஞ்சை எடுத்தாள். ஊசி குத்திய இடத்தில் வைத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

ரத்தம் எப்போதோ நின்றிருந்தது.

இவள் கையை மடக்கவில்லை.